ஆறாம் எண் யாருக்கு

மினேகவா
ஜூன் 27

அன்புள்ள கியோதகா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். நாங்கள் மூவரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். மார்ச்சில் நீ எழுதியது மே கடைசியில்தான் கைக்கு வந்தது. தூண்டில் முள் கிழித்த விரல் ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாய், ஆனால் எழுத்து அத்தனையும் கோணலாக இருந்ததால் நான் அதை நம்பவில்லை. உப்புத் தண்ணீரில் கையுறை இல்லாமல் நிற்காதே, மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அப்பாவின் ஐஸ் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் இரண்டாகிவிட்டது, துறைக்கு வரும் படகுகள் அவ்வளவுதான், ஆனால் இடுப்பு வலி மட்டும் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து வருகிறது என்கிறார். மழை பிடித்து இரண்டு வாரமாகிறது, துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் தொங்குகிறது, பள்ளி பேஸ்பால் மைதானத்தில் இரண்டாம் பேஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கப்பலுக்குப் போன் போடலாமே என்றார் அப்பா. கேப்டன் அறையில் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டிருக்க உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி ரியோஜியைப் பற்றித்தான். ஏப்ரல் இடமாற்றத்தில், அணிக்குப் பயிற்சி தந்த ஷிமோதா சார் மலைப்பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டார், பதிலுக்கு பேஸ்பால் தெரிந்தவர் யாரும் வரவில்லை. எட்டு வருஷமாக அணிக்கு பஸ் ஏற்பாடு செய்து மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவள் என்பதற்காகத் தலைமையாசிரியர் என்னையே பயிற்சியாளர் ஆக்கிவிட்டார். பழைய இலக்கியம் நடத்துகிறவள் நான், மட்டையால் ஒரு பந்தைத் தரையோடு உருட்டி அடிக்கக்கூட எனக்குச் சரியாக வராது. மறுத்திருக்க வேண்டும். ரியோஜிக்கு இது கடைசி வருஷம், நான் மறுத்தால் அணியே இல்லாமல் போகுமோ என்று பயந்து ஒப்புக்கொண்டேன். எண் துணி கொடுக்கும் நாள் ஒன்று வரும் என்பதை அப்போது யோசிக்கவே இல்லை. நாலாம் எண்ணை முதுகில் போட்டு இரண்டாம் பேஸில் நின்றவன் நீ, எண் என்றால் இடம் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று முதல் பேஸ், ஆறு இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப், பத்தும் அதற்கு மேலும் பெஞ்சு. அம்மாவுக்கு அதில் இருந்த வேலை துணியைச் சட்டையில் தைப்பது மட்டும்தான். இந்த வருஷம் அதைப் பிரித்துக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது.

போன இலையுதிர்கால ஆட்டத்தில் நடந்ததை நான் உனக்கு எழுதவில்லை. ரியோஜி ஷார்ட்ஸ்டாப்பில் ஒரு பந்தை நன்றாகவே அள்ளினான், ஓடுகிறவன் வேகமாக இருந்ததால் அவனை முந்த அவசரப்பட்டு முதல் பேஸுக்கு எறிந்தான். பந்து தரையில் பட்டுக் குதித்து, அங்கே நின்ற நகுமோவின் முகத்தில் அடித்தது. கன்னத்து எலும்பு விரிசல் விட்டது, இரண்டு பல் போயிற்று. நகுமோவை உனக்கு நினைவிருக்கும், மீன் சந்தையில் கணவாய் காயப்போடும் வீட்டு இடது கைப் பையன், அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நடுவில் ஓர் இடைவெளி மட்டும். அன்றிலிருந்து ரியோஜியின் கை முதல் பேஸைப் பார்த்ததும் பூட்டிக்கொள்கிறது. பிடிப்பதில் குறையே இல்லை, அவனைப் போலப் பந்தை அள்ள எங்கள் அணியில் யாரும் இல்லை. ஆனால் எறியக் கையைத் தூக்கினால் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும், பிறகு பந்து அவன் காலடியிலேயே விழும், இல்லையென்றால் வேலியைத் தாண்டும். டாக்டர் தோளில் ஒன்றும் இல்லை என்றார். நகுமோ தினமும் கையுறையை நீட்டிக்கொண்டு, “டேய், எனக்கு இன்னும் முப்பது பல்லு பாக்கி இருக்குடா, பயப்படாம எறி” என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள், ரியோஜியும் சிரிப்பான், பிறகு எறிவான், பந்து தரையில் விழும்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தையும் எழுத வேண்டும். யார் தப்புச் செய்தாலும் மைதானம் முழுக்க “பரவாயில்ல, பரவாயில்ல!” என்று குரல் எழும்புமே, அது நம் பையன்கள் மூச்சு விடுவது மாதிரி. ரியோஜி ஒவ்வொரு முறை தவறவிடும்போதும் பதினோரு பேர் அப்படிக் கத்துவதைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை, அது அவன் மேல் கல் எறிவது போல எனக்குப் பட்டது. மே மாதம் பக்கத்து ஊருடன் பயிற்சி ஆட்டம் வந்தபோது, அவன் இல்லாத நேரம் பார்த்து மற்றவர்களைக் கூப்பிட்டு, ரியோஜி தவறவிட்டால் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், கவனிக்காத மாதிரி இருந்துவிடுங்கள் என்றேன். மூன்றாவது இன்னிங்ஸில் அவன் எறிந்தது தரையில் விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. எதிரணிப் பெஞ்சுகூட நம்மைத் திரும்பிப் பார்த்தது. ரியோஜி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என் முகத்தில் நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நோயாளி வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசுவார்களே, அப்படி அவனை ஆக்கிவிட்டேன். அதற்கு முன்னால் பத்துக்கு நாலு எறிவாவது சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

நாலாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றும் ஆறும்தான். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதி எழுதி அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் ஒபாரா என்று குள்ளமாக ஒரு பையன் இருக்கிறான், சுமாராகத்தான் பிடிப்பான், ஆனால் எறிந்தால் போய்ச் சேரும். வெளிக்களத்துக்கு ரியோஜியை அனுப்பலாமே என்று நீ நினைப்பாய், ஏப்ரலில் அதையும் செய்து பார்த்தேன். மூன்று நாள் நின்றுவிட்டு, “அங்க நின்னா ஊரை விட்டு ஓடிப்போனவன் மாதிரி இருக்கு” என்று திரும்பி வந்துவிட்டான். மிச்சம் இருந்தது முதல் பேஸ். அங்கே பிடித்தால் போதும், எறிய வேண்டியது அபூர்வம். ஆனால் அவனை அங்கே போட்டால் நகுமோவை எங்கே போடுவது? இடது கையால் எறிகிறவன் உள்களத்தில் வேறு எங்கே நின்றாலும், உடம்பை முழுசாகத் திருப்பித்தான் முதல் பேஸுக்கு எறிய முடியும், அதற்குள் ஓடுகிறவன் போய்ச் சேர்ந்துவிடுவான். வெளிக்களத்தில் ஓட அவன் காலுக்கு வேகம் போதாது, நகுமோவுக்கு அந்த ஒரே இடம்தான். அப்பாவிடம் கேட்டேன். அவர் கானாங்கெளுத்தியில் முள் எடுத்துக்கொண்டே, “பெத்தவ நீ. ஆறாம் நம்பரை அவன் முதுகுல தச்சு விட்டு, தோத்துட்டு வாங்களேன். யாரு வந்து கேக்கப் போறா?” என்றார். கேட்க ஒபாரா இருக்கிறானே என்றேன். “அவனுக்கு அடுத்த வருஷம் இருக்கில்ல” என்றார். அது உண்மைதான், அதனால்தான் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

எண் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால் நகுமோ ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். “டீச்சர், மூணாம் நம்பரை ரியோஜிக்குக் குடுத்துருங்க. பெஞ்சுல உக்காந்து கத்த எனக்கு வாய் இருக்கு, ரெண்டு பல்லுதான் கம்மி” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கண்ணை என் மேசையை விட்டுத் தூக்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அப்படிச் சொன்னதே தப்பு, அந்த நிமிஷமே முடியாது என்றிருக்க வேண்டும், சொல்லாததற்குக் காரணம் எனக்கு ஆசை வந்துவிட்டது. மறுநாளே ரியோஜிக்குத் தெரிந்துவிட்டது. பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறையில் வந்து நின்று, “அவன் மூஞ்சிய உடைச்சது நான். இப்ப அவன் இடத்தையும் எனக்குப் புடுங்கித் தரப் போறியாம்மா?” என்று கேட்டான். வேறு என்னதான் வேண்டும் உனக்கு என்றேன். “ஆறு. ரெண்டு வருஷமா அங்கதான் நின்னேன். எறிய முடியும்மா, ஆட்டத்துல எறிஞ்சுருவேன். ஆறாம் நம்பர் குடு” என்றான். குழந்தையில்கூட அவன் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை, நீதான் கேட்பாய், அவன் நீ கேட்டு வாங்கியதில் பாதிக்குக் காத்திருப்பான்.

இருபதாம் தேதி, மழைக்கு ஒதுங்கி ஜிம் கூடத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தேன். எண்ணை முதலில் சொல்லி, பிறகு பெயரைச் சொல்ல வேண்டும், கூப்பிடப்பட்டவன் சத்தமாகப் பதில் சொல்லி முன்னால் வந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். மூன்று என்றேன், நகுமோ என்றேன். அவன் பதில் குரல் கம்மிப்போய் வந்தது. நாலு, ஐந்து முடிந்தது. ஆறு என்றேன். கியோதகா, உன் தம்பி அரை அடி முன்னால் வந்துவிட்டான். வேண்டுமென்று வந்ததில்லை, இரண்டு வருஷமாக அந்த எண்ணுக்குப் பழகிய கால். நான் ஒபாரா என்றேன். ரியோஜி அந்தக் காலைப் பின்னால் எடுத்து, பக்கத்தில் இருந்தவன் காலுக்கு நேராக வைத்துக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவன் நினைத்திருப்பான். பத்து என்று கூப்பிட்டபோது எல்லாரையும் விடச் சத்தமாகப் பதில் சொன்னது அவன்தான், எல்லாரையும் விடத் தாழ்ந்து வணங்கி வாங்கியதும் அவன்தான்.

நான் பயிற்சியாளர் ஆனபோது மைதானத்தில் டீச்சர், வீட்டில் அம்மா என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். அன்று மாலை சோறு, மிசோ சூப், வறுத்த மீன் எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், கிண்ணத்தைக் கழுவி வைத்தான், பிறகு, “சாப்பாட்டுக்கு நன்றி, டீச்சர்” என்றான். கிண்டல் என்று நினைத்து அப்பா சிரித்தார். அது கிண்டல் இல்லை. குளிக்கத் தண்ணீர் தயாரா டீச்சர், நான் கிளம்பறேன் டீச்சர், இன்றோடு எட்டு நாள். சட்டையைக் கொடு, எண்ணைத் தைத்துத் தருகிறேன் என்றேன். “நானே தச்சுட்டேன், டீச்சர்” என்றான். கொடியில் தொங்கியதைப் பார்த்தேன், எண் துணி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நூல் பிசிறு பிசிறாக நின்றது. பிரித்துச் சரியாகத் தைக்கக் கை வந்தது, தொடவில்லை. ஒபாராவின் அம்மா ஒரு பெட்டி செர்ரிப் பழத்தோடு வந்து வாசலிலேயே நின்று, சந்தோஷப்பட வேண்டியவள், எங்களை மன்னித்துவிடுங்கள் என்று மூன்று தரம் குனிந்தாள். கதவைத் திறந்தது ரியோஜிதான். பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒபாரா நன்றாக ஆடுவான் என்று பெரிய மனிதன் போலச் சொன்னான். எனக்கு மட்டை பிடிக்க வராது என்பதால் இப்போது தினமும் உள்களத்துக்குப் பந்து அடித்துக் கொடுப்பதும் அவன்தான், நான் கேட்கவில்லை, அவனே மட்டையை எடுத்துக்கொண்டான். ஒபாராவுக்கு மட்டும் பலமாக அடிக்கிறான். “இடுப்ப எறக்குடா, ஆறாம் நம்பரு! பந்து உனக்கு மாமனாரா, இப்படி ஒதுங்கி நிக்கற?” என்று கத்துகிறான். ஒபாரா நெஞ்சில் பந்தை வாங்கி வாங்கி எழுந்திருக்கிறான். அது சொல்லிக் கொடுப்பதா பழி வாங்குவதா என்று தெரியாமல் நான் ஓரமாகக் குடையோடு நிற்கிறேன். நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரியாகச் செய்துவிட்டால் மனசு லேசாகும் என்று எப்படி நம்பினேன் என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை பன்னிரண்டில் கோடைப் போட்டியின் முதல் ஆட்டம். மூன்று ஆட்டமாவது ஜெயிக்கணும் டீச்சர் என்று பையன்கள் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். தோற்றால் அன்றோடு மூன்றாம் ஆண்டுப் பையன்கள் அணியை விட்டு விலகுவார்கள், அன்றோடு நான் ரியோஜிக்குப் பயிற்சியாளர் இல்லை. வகுப்பிலும் அவனுக்கு நான் பாடம் எடுப்பதில்லை, டீச்சர் என்று கூப்பிட அவனுக்குக் காரணம் எதுவும் மிஞ்சாது. யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன், நான் அந்தத் தோல்விக்காகக் காத்திருக்கிறேன். நகுமோ கையுறைக்கு எண்ணெய் தடவுவதைப் பார்க்கிறேன், ஒபாரா நெஞ்சில் பந்தை வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே உள்ளுக்குள் நாள் எண்ணுகிறேன். இந்தக் கடிதம் கேப்டவுன் ஏஜெண்டிடம் வந்து, நீங்கள் துறைக்குள் வந்து, நீ பிரிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அன்றும் அவன் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று நான் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், போனபோது இருந்த கைகால்களோடு அப்படியே திரும்பி வா. கையுறை போடு. ரியோஜிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மீனைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி, எதைப் பற்றியாவது எழுது, எண்ணைப் பற்றி மட்டும் கேட்காதே, நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்றும் தெரிய வேண்டாம்.

உன் அம்மா,
சவாகோ