நீலாவதியின் மணிக்கட்டு

பிப்ரவரி 6, செவ்வாய்
இன்று எட்டு கர்ப்பிணிகள், உட்காரப் பெஞ்சு ஒன்றுதான். நீலாவதிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் டாப்ளர் வைத்தால் அறுபதுதான் கேட்டது, இருக்க வேண்டியதில் பாதி. அது தாயின் நாடியாக இருக்கும் என்று கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். குழந்தையோ உள்ளே ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ரங்கத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2
ரங்கத் ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை, நீலாவதிக்கு எங்கள் துணை சுகாதார நிலையத்திலேயே பிரசவம். பெண். நன்றாக அழுதாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன் – ஐம்பத்து நான்கு. நூற்றுக்கு மேல் இருக்க வேண்டியது. நீலாவதியின் மணிக்கட்டைப் பிடித்தேன். தொண்ணூறு.
அப்படியானால் அன்றைக்கு நான் கேட்டது யாருடையது?

மார்ச் 3
குழந்தையை ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி பார்த்துவிட்டு டாக்டர் போனில் சொன்னார்: "இதயத்துல மேல் அறை சொல்றது கீழ் அறைக்குப் போய்ச் சேரலை சிஸ்டர். அம்மா ரத்தத்துல இருக்கற ஏதோ ஒண்ணு குழந்தையைப் பாதிச்சிருக்கலாம். சென்னைக்கு அனுப்பறோம், பேஸ்மேக்கர் வைக்கணும்."
முன்பே தெரிந்திருந்தால் பிரசவமே சென்னையில் நடந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 5
சாப்பிடவில்லை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்து நாடி பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்டி அகிலா உனக்கு?

மார்ச் 9
நீலாவதியின் கணவர் அன்பழகன் சென்னையிலிருந்து பேசினார். "வயித்துல சின்னதா ஒரு டப்பா வச்சிருக்காங்க சிஸ்டர். பால் குடிக்கறா."
மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஏப்ரல் 23
ஊர் திரும்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அந்த அறுபதைச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தும் நாக்கு குழறியது. நீலாவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

மே 7
தடுப்பூசிக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். குழந்தையை என் மடியில் கிடத்தினாள்.
"எண்ணுங்க."
நூற்று இருபது.
"இன்னொரு தடவை."
பாதியில் கண்ணீர் மறைத்தது.
"அழுதா எண்ணிக்கை விட்டுப்போயிடும் அகிலாக்கா," என்றாள். இத்தனை மாதமும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 4
புதிதாக ஒரு வங்காளிப் பெண். வலது கையில் டாப்ளர், இடது கையில் அவள் மணிக்கட்டு. கையை ஏன் பிடிக்கிறீர்கள் தீதி, பயமா என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்றேன்.
அவளுக்கு எண்பத்திரண்டு. குழந்தைக்கு நூற்று நாற்பத்தைந்து. இரண்டையும் தனித்தனியாக எழுதினேன்.