மேசையிலும் குளிரறையிலும்

அடியே பிடிவாதக்காரி,

இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. ஆய்வகத்தைக் காலி செய்யும்போது நம் பழைய குறிப்பேடுகள் கிடைத்தன. நொதியைப் போடும் கரைசலின் பி.எச். அளவை, அதாவது அமிலத்தன்மையை, நீ குளிரறையில் பார்த்திருக்கிறாய், நான் மேசையில். குளிர்ந்தால் அது மாறும் என்று வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்! நம் முடிவுகள் ஒத்துப்போகாததற்கும் அதுதான் காரணம் என்று இருபது வருஷமாக உறைக்கவில்லை.

"உன் நொதி செத்துப்போச்சுடி, கதை விடாதே" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் போனாய்.

உறைபெட்டியில் உன் கையெழுத்தோடு அந்த நொதி இருந்த ஒரு குழாய் கிடைத்தது. எப்படியோ தூக்கிப் போடாமல் விட்டிருக்கிறேன். இன்று உன் முறைப்படி செய்து பார்த்தேன். நொதி ஜோராக வேலை செய்தது. நான் சிரித்த சிரிப்பில் மாணவர்கள் பயந்துவிட்டார்கள்.

குழாயில் பாதி மிச்சம் இருக்கிறது. மாதக் கடைசி வரை சாவி என்னிடம்தான். உன் வெள்ளைக் கோட்டையும் மறுபடி துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேசையில் அளந்தவள்