ஏழு வருடம் திறக்காத மூடி

ஜூலை 7, திங்கள்

இன்று காலை என் வேன் எஞ்சினின் வால்வு மூடியைக் கழற்றினார்கள். வாங்கிய ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவையாம்.

நேற்று சிம்பாங் அம்பாட் கல்யாண மண்டபத்தில் வாழையிலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி இழுக்கவில்லை. பக்கத்துப் பட்டறை இம்ரான், "எஞ்சின் ஆறட்டும் அக்கா, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். இன்று போனால், அவர் கையில் காகிதம் மாதிரி ஒரு இரும்புத் தகடு. ஒவ்வொரு வால்வுக்கு மேலும் அது நுழையும் அளவு இடைவெளி வேண்டுமாம். இரண்டில் நுழையவே இல்லை.

"கம்பெனில ஒட்டுன பசை அப்படியே இருந்துச்சு அக்கா. யாரும் இதத் தொறந்ததே இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. ராமதாஸ் ஒவ்வொரு சர்வீஸ்லயும் பாக்குறாரு. பில்லுல டிக் இருக்கு."

"பில்லுலதான் இருக்கு லா."

ராமதாஸா? ஏழு வருடமாக என் வேனைப் பார்க்கும் மெக்கானிக், என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஆள்!

"சத்தமே இல்லாம ஓடுதே" என்றேன். அதுதான் மோசமாம். இடைவெளி போனால் சத்தமும் போய்விடும்; வால்வு சரியாக மூடாமல் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தமின்மையைத்தான் நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

ஜூலை 8, காலை

ஒரு வால்வு கருகியே போய்விட்டது. ஐந்து நாள் வண்டி கிடையாது. நேற்றும் இன்றும் வாடகை லாரி. நாளைக்கு ஆள் இல்லை. பதினோரு சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் இலை போட வேண்டும். இரண்டு நாள் இலை போகாவிட்டால் வேறு ஆள் நுழைந்துவிடுவான் — நானே அப்படி நுழைந்தவள்தானே.

அதே நாள், மதியம்

ராமதாஸ் பட்டறைக்குப் போய் பில்களை மேசைமேல் போட்டேன். "டேய், ஏழு வருஷமா ஏமாத்துனியா?"

அவன் கத்தவில்லை. "ஆறுன எஞ்சின்லதான் அத அளக்க முடியும் அக்கா. ஒரு ராத்திரி வண்டிய விட்டுட்டுப் போங்கன்னு எத்தன தடவ கெஞ்சுனேன்? கெப்பாலா பத்தாஸ்லருந்து ஓட்டி எஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து நிறுத்துவீங்க. 'ரெண்டே மணி நேரம், இல்லன்னா வேற பட்டறை'ன்னு சொன்னது யாரு?"

சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

"அப்ப டிக் எதுக்குடா போட்ட?"

"டிக் இல்லன்னா இதென்ன பாதி வேலன்னு பில்லுலயே கொறைப்பீங்களே."

உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்கு நடுவில் கிழிந்த இலையைச் சொருகி, எல்லாம் முதல் தரம் என்று நானும் கொடுத்ததுண்டு. அதற்காக இவனைச் சும்மா விடுவதா? அதெல்லாம் மாட்டேன்.

ஜூலை 9, புதன்

பேசி முடித்தாயிற்று. வால்வு வேலை இம்ரானுக்கு: நான் தருவது ஆயிரத்து நானூறு வெள்ளி, ஐந்து நாள், நடுவில் நான் போன் அடிக்கக் கூடாது. பொய் டிக்குக்கு ஈடாக, வேன் வரும்வரை ராமதாஸ் தன் லாரியில் இலை ஏற்றிவந்து பதினோரு கடைக்கும் போட வேண்டும். லாரிக்கு எண்ணெய்ச் செலவு என்னுடையது, கூலி கிடையாது.