பிரேக் பிடிக்காத கட்டிலும் உன் மாமாவும்

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிக்குப் போய்த் துணி காயப்போடச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. எனக்கும் மாமாவுக்கும் பேச்சில்லை என்று அத்தை போனில் சொன்னாளாம், நீ பயந்துபோய் அப்பாவைக் கேட்டாயாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. நாங்கள் செய்த கட்டிலில் சக்கர பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் நர்ஸ் ஒரு பெரியவரை எழுப்பி உட்காரவைத்திருக்கிறாள், கட்டில் நழுவிவிட்டது. அவள் இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்ததால் அவர் விழாமல் தப்பினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பிரேக் பொருத்துகிறவர்களில் உங்கள் தம்பிதான் அவசரக்காரர், அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். உன் மாமாவின் கைவேகம் உனக்குத் தெரியாதா, அங்கே அவன் பெயரே புயல். எனக்கு ஒரு வாரம் கொடுங்கள், அதுவரை ஒரு கட்டிலும் வெளியே போகவேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே மாமா வீட்டுக்கு வந்துவிட்டான். "நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா" என்றான். தப்பு உன் கையில் இல்லை என்று எனக்கே இன்னும் தெரியாது, தெரியாமல் எப்படிச் சொல்வது என்றேன். அதுதான் அவனைச் சுட்டுவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

மறுநாள் தொழிற்சாலைக் கூடத்துச் சுவரில், ஒரு தப்புக்கு என்னென்ன காரணம் என்று பிரித்துப் பார்க்கும் மீன்முள் படம் பெரிதாக வரைந்தேன். மீனின் தலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதி, முள்ளுக்கு ஒன்றாக ஆள், இயந்திரம், பொருள், செய்முறை, சோதனை என்று பிரித்து, தோன்றிய காரணத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள் என்றேன். ஆள் என்ற முள் முழுக்கப் புயல்தான், மற்ற முள்ளெல்லாம் மொட்டையாக நின்றது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே தன் மேஜைக்குப் போனான். ஆனாலும் நான் ஒரு சீட்டையும் கிழிக்கவில்லை. கிடங்கிலிருந்த கட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கி, மணல் மூட்டை ஏற்றித் தள்ளிப் பார்த்தோம். நழுவியதை மட்டும் பிரித்து, யார் பொருத்தியது, எந்த நாள், உள்ளே என்ன கோளாறு என்று கோடு போட்டுக்கொண்டே வந்தோம். எந்தக் கோளாறு எத்தனை என்று எண்ணிப் பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டை வரைந்தபோது ஒரே ஒரு பட்டை மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு நின்றது, பிரேக் போய்ப் பிடிக்க வேண்டிய தகட்டின் பள்ளத்தில் பெயின்ட் திரண்டு காய்ந்திருந்தது. அது எல்லார் மேஜையிலிருந்து வந்த கட்டிலிலும் இருந்தது. ஏன் திரண்டது, பெயின்ட் அடிக்கும்போது தகட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டதால். ஏன் தலைகீழாக, ஒரே தடவையில் நிறைய மாட்ட வேண்டும் என்று கொக்கியை மாற்றியதால். மாற்றச் சொன்னது யார் என்று பார்த்தால், மேனேஜர்.

கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். காலிக் கட்டிலிலேயே சோதித்து அனுப்பியது என் பிரிவின் தப்பு என்றும், கடைசியில் இருக்கும் சின்னப் பட்டை திருகாணியைச் சரியாக முறுக்காதது, அதில் பாதிக்குமேல் என் தம்பி கை என்றும் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் எழுந்து பெயின்ட் அறைக்குப் போய்ப் பழைய கொக்கியை மாட்டச் சொன்னார். வெளியே போயிருந்த கட்டில்களுக்கெல்லாம் ஆள் அனுப்பித் தகடு மாற்றியாயிற்று. இப்போது தினமும் சில கட்டில்களைச் சோதித்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம், கோடு ஒழுங்காகப் போகிறது.

நேற்று மாமா வந்தான். சாப்பிட்டான். கை கழுவும்போது, "நீ எனக்காகப் பேசியிருந்தா அந்தச் சீட்டெல்லாம் இன்னும் என் மேலதான் ஒட்டியிருக்கும்க்கா" என்றான். திருகாணி முறுக்கும்போது மட்டும் இனிமேல் நிதானமாக இருக்கிறானாம், பார்ப்போம்.

உன் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணால்தான் எல்லாம் தாமதமாகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தாயா, எல்லாரும் சொல்வதைச் சொல்கிறாயா? அவளுக்கும் எங்கோ ஓர் அம்மா இருப்பாள். பார்த்துவிட்டு எனக்கு எழுது. எடுத்த வேலையெல்லாம் உன் கையில் நல்லபடியாக முடியட்டும், மனசு நிறைந்து இரு. கண் பரிசோதனைக்குப் போக மறக்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா