வெறுங்கையோடு வந்தவர்களின் கணக்கு

ஜனவரி 14

இரவெல்லாம் பனி. காரைத் தோண்டி எடுப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு வில்லார்ட் தன் பனி தள்ளும் வண்டியோடு வந்து, கேட்காமலே என் வாசலையும் தள்ளிவிட்டுப் போனார். எங்கள் வனவிலங்குத் துறையை அவர் திட்டாத நாள் கிடையாது. என் வாசலைத் தள்ளாத நாளும் கிடையாது. மகராசனாக இருக்கட்டும்.

அலுவலகம் போனதும் கர்ட்டிஸின் தொலைபேசி. வடக்கையும் தெற்கையும் இணைக்கிற பெரிய பாலத்துக்குத் தெற்கே, தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து மான் வேட்டைக் கணக்குகளைக் கூட்டுகிறவர்.

“என்ன ஐலா, உங்க வடக்கு இந்த வருஷம் கலக்குது போல? நூறு பேருல நாப்பத்தாறு பேருக்கு மான் விழுந்திருக்கு. எங்க சோளக்காட்டுப் பக்கமே நாப்பத்தொம்பதுதான்.”

“போன குளிர்ல இங்க பாதி மான் செத்துப்போச்சு கர்ட்டிஸ். அது எப்படி முடியும்?”

“எனக்கென்ன தெரியும்? நான் பாலத்தடிப் பூதம். வேட்டைக்காரங்களுக்கு அனுப்பின கேள்வித்தாளுக்கு வந்த பதிலைக் கூட்டினேன், அவ்வளவுதான்.”

பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற தெற்கத்திக்காரர்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறார். நல்ல மனிதர். ஆனால் நாற்பத்தாறு?

ஜனவரி 15

என் தெருவில் ஆறு பேர் வேட்டைக்குப் போனார்கள். ஒரு வாலைக்கூடக் கொண்டுவரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

லெம்பி அண்ணி நவம்பரில் கொடுத்தனுப்பிய, மாவுக்குள் மான்கறியை மடித்துச் சுட்ட பாஸ்டியில், உறைபெட்டியில் மிச்சமிருந்த கடைசி இரண்டைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். ரெய்னோ அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் அவன் சுட்ட மான் வருஷா வருஷம் உருளைக்கிழங்கோடு சேர்ந்து என் தட்டுக்கு வந்துவிடுகிறது. இதற்கு நன்றி சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மான் பெருத்துக் கிடந்தபோது, பெட்டை மான் சுட அனுமதி கொடுக்கலாம் என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன், இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன். அதன்பிறகு இரண்டு கொடுங்குளிர் வந்தது. குளிரை நானா கூட்டிவந்தேன்? அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. “காட்டை என் தங்கச்சி காலி பண்ணிட்டா”ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

இப்போது இந்த நாற்பத்தாறு. மார்ச்சில் வேட்டை விதிகளை முடிவு செய்கிற ஆணையம் கூடும்போது இந்த எண் மேசைக்குப் போனால், ‘வடக்கில் மானுக்குப் பஞ்சமில்லை’ என்று மறுபடியும் பெட்டை மான் அனுமதியைக் கொடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற பெட்டைகளும் போய்விட்டால் இந்தக் காடு எழுந்திருக்கப் பத்து வருஷம் ஆகும். எண் தப்பு என்று என் மனசு சொல்கிறது. ஆணையத்தில் மனசைக் காட்டி வாதாட முடியாதே.

ஜனவரி 24

தப்பைப் பிடித்துவிட்டேன். அதாவது, வெர்னா தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள்.

மத்தியானம் அவள் மதுக்கடையில் சூப் குடிக்கப் போயிருந்தேன். சும்மா பேச்சுக்கு, “துறையிலேர்ந்து வந்த கேள்வித்தாளுக்கு உன் வாடிக்கையெல்லாம் பதில் போட்டாச்சா?” என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பதிலா? உங்க அண்ணன் எல்லார்கிட்டயும் வசூல் பண்ணிட்டுப் போனான்டி! அவன் வீட்டு வேர்வைக் குளியல் அறையில, சவுனா அடுப்புல போட்டுப் பத்தவெச்சு, அந்தச் சூட்டுல பத்துப் பேரு உக்காந்து வேர்வை விட்டாங்க. ‘இத்தனை வருஷத்துல துறையால கெடைச்ச ஒரே நன்மை’ன்னு பேச்சு வேற.”

“எல்லாரும் குடுத்துட்டாங்களா?”

“மான் கெடைச்சவன் குடுப்பானா? அவன் அன்னைக்கே கொம்பை அளந்து எழுதி அனுப்பிட்டான். ஒண்ணும் கெடைக்காதவன்தான் குடுத்தான். எழுத என்ன இருக்கு அவனுக்கு?”

சூப் ஆறிப்போயிற்று. எழுத என்ன இருக்கு! ஐயோ வெர்னா, அது ஒன்றுதானே எனக்கு வேண்டும்!

ஜனவரி 25

சனிக்கிழமை என்றும் பாராமல் கர்ட்டிஸை வீட்டில் பிடித்தேன். வெர்னா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். “அப்போ நான் கூட்டினது அதிர்ஷ்டக்காரங்களை மட்டும்” என்றார். தெற்கில் மான் கிடைக்காதவனும் ஒழுங்காகப் பதில் போடுகிறான். எங்கள் ஆட்கள் கோபத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மூடின வாயெல்லாம் அங்கே மான் நிறைந்த காடாகத் தெரிகிறது. மான் இல்லை என்று கத்துகிறவர்களே, மான் இருக்கிறது என்று சாட்சி சொல்லிவிட்டார்கள். என் ஜனங்களைத் தவிர வேறு யாருக்கு இது வரும்?

பதில் போடாதவர்களை நானே கூப்பிட்டுக் கேட்க அனுமதி வாங்கித் தந்தார். பிப்ரவரி கடைசிவரை. பூதமோ என்னவோ, கோடி புண்ணியம்.

பிப்ரவரி 3

இன்றைய அறுவடை.

ஒருவர்: “ரெய்னோ பேசக்கூடாதுன்னிருக்கான்.” டொக்.

இன்னொருவர்: “மானா? ஓநாய்கிட்ட கேளு. அதுக்குத்தான் நல்ல வருஷம்.” டொக்.

ஒரு அம்மாள் மட்டும் அரைமணி நேரம் பேசினார், கணவரின் முட்டிவலியைப் பற்றி. மானைப் பற்றிக் கேட்டதும், “அதை அவரே சொல்லட்டும், எனக்கெதுக்கு வம்பு” என்று வைத்துவிட்டார். போகட்டும். முட்டிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று தெரிந்துகொண்டேன், எனக்கும் உதவும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனேன். அண்ணன் வீட்டுக்குத்தான், வேறு வழி?

வாசல் நிலைக்கு மேலே அந்தப் பெரிய கொம்பு, நான்கு வருஷத்துக்கு முன் அண்ணன் சுட்டது. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை. காதை மூடிய குல்லாவோடு பனியிலேயே நின்று சொன்னேன். பதில் வராவிட்டால் தெற்கில் என்ன நினைக்கிறார்கள், மார்ச்சில் என்ன நடக்கும், எல்லாம்.

“கதை விடாதே. நாங்க பேசாம இருந்தா மான் கூடிடுமா?”

“கூடாது. கூடின மாதிரி தெரியும். அதுக்குத்தான் அனுமதி குடுப்பாங்க. ஒண்ணும் கெடைக்கலைன்னு நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும் அண்ணா?”

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “எனக்குக் கெடைக்கலைன்னு உன்கிட்ட யாரு சொன்னா?”

நான் அவனைச் சொல்லவேயில்லை! பொதுவாகச் சொன்னேன். அவனுக்குப் பின்னால் லெம்பி அண்ணி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கதவு சாத்தப்பட்டது.

காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என்ன ஜென்மம்டா நீ? நான் என்னடா உனக்குப் பண்ணேன்?

பிப்ரவரி 10

நன்றி சொல்ல இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வில்லார்ட் வாசலைத் தள்ளியிருக்கிறார். சரி, அது.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அலுவலகத்தில் நான் மட்டும்தான். கிளம்பலாம் என்று கோட்டை மாட்டும்போது தொலைபேசி. பின்னணியில் வெர்னாவின் கடை, வெள்ளிக்கிழமை மீன் பொரியும் கூட்டம்.

“துறை அலுவலகமா?” அண்ணன் குரல். யாரோ முன்பின் தெரியாத அதிகாரியிடம் பேசுகிற மாதிரி.

“ஆமாம்,” என்றேன். நானும் அதிகாரியாகவே பேனாவை எடுத்தேன்.

“கேள்விங்களைக் கேளுங்க.”

“பெயர்?”

“ரெய்னோ சல்மேலா.”

“இந்தப் பருவத்தில் வேட்டைக்குப் போனீர்களா?”

“தினமும்.”

“மான் கிடைத்ததா?”

கடையில் இருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்குவது எனக்குக் கேட்டது.

“இல்ல. ஒண்ணுமில்ல. போன வருஷமும் இல்ல, அதுக்கு முந்தின வருஷமும் இல்ல. உங்க காகிதத்துல கேக்கலேன்னாலும் எழுதிக்கோங்க. வாசல்ல மாட்டியிருக்கற கொம்பு நான் சுட்டது இல்ல. டோய்வோவோட லாரியில அடிபட்டது.”

அண்ணனின் கூட்டாளி டோய்வோ தூரத்திலிருந்து கத்தினான்: “அந்த பம்பருக்கு இன்னும் காசு வரலடா!”

கடையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அது அடங்கியதும் அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னது கேட்டது. “நான் சொல்லியாச்சு. என் அடுப்புல காகிதம் போட்டவன் எல்லாம் வரிசையா வாங்க. காகிதம் வராதவன் வாயைத் திறக்கக்கூடாது, கணக்கு கெட்டுடும்.”

தொலைபேசி கைமாறியது. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. ஒரு பெட்டையைப் பாத்தேன், சுடல. ஒண்ணுமில்ல. “ஐலா, நான்தான் வில்லார்ட். ஒண்ணுமில்ல. ராத்திரி பனி வருமாம், வாசலைப் பாத்துக்கறேன்.” டோய்வோ: “லாரியை விட்டா ஒண்ணுமில்ல.” ஹெர்ப் என்று ஒருவன் மட்டும் கூச்சத்தோடு, “எனக்கு ஒண்ணு விழுந்துச்சு, கோவத்துல நானும் எரிச்சுட்டேன்” என்றான். கூட்டம் ஊளையிட்டது. “உங்களுடையதும் வேண்டும்” என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

கடைசியில் தொலைபேசியை வாங்கியது வெர்னா. அண்ணன் எங்கே என்று கேட்டேன். “வெளிய பனியில நிக்கறான்டி. விடு, கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

பிப்ரவரி 26

வடக்கு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. ரெய்னோவே சொல்லிட்டானாமே என்று அடுத்த ஊர்க்காரர்கள்கூடக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ‘ஒண்ணுமில்ல’வுக்கும் ரொம்ப நன்றி என்கிறேன். சிலருக்கு நான் கிண்டல் செய்கிறேனோ என்று சந்தேகம்.

மார்ச் 1

கர்ட்டிஸ் திரும்பக் கூட்டிவிட்டார். தெற்கு நாற்பத்தெட்டு. வடக்கு இருபத்திரண்டு. “இவ்வளவு மோசமான எண்ணுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை நான் பாத்ததில்ல” என்றார்.

மார்ச் 13

ஆணையம் கூடியது. வடக்கில் இந்த வருஷம் பெட்டை மான் அனுமதி கிடையாது. நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 15, சனி

காலையில் அண்ணியின் குரல்: “சாயங்காலம் சவுனா சூடா இருக்கும். துண்டு கொண்டுவா.” யார் கூப்பிடச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

போனேன். வாசல் நிலைக்கு மேலே கொம்பு இல்லை. இரண்டு ஆணி மட்டும். அண்ணன் கதவைத் திறந்து, என் பூட்ஸில் இருந்த பனியைப் பார்த்து, “உதறிட்டு வா, தரையெல்லாம் ஈரம்” என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம், என்னிடமே, கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை. உதறிவிட்டு உள்ளே போனேன்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அடுப்பிலிருந்து எடுத்த பாஸ்டி ஒன்றை என் தட்டில் அவனே வைத்தான். அண்ணி மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைக் கறிதான்,” என்றான், நான் கேட்காமலே. “நாலு வருஷமாவே.”

மூன்று சாப்பிட்டேன்.