ஆறும் பெட்டை

ஆவணி 12, வியாழன்

தொட்டியில் நான் வளர்க்கும் ஆறு கெளுத்தி மீன்கள் இட்ட முட்டைகள் இந்த முறையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. தண்ணீரை மாற்றினேன், மருந்தும் விட்டுப் பார்த்தேன். பலனில்லை. இன்று நாகர்கோவில் மீன்கடைக்காரரிடம் போனில் படம் காட்டினேன். ஆறும் பெட்டையாம். மெலிந்தவைதான் ஆணாம். கொழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கியவள் நான்தான்.

மாமியாரிடம் சொன்னேன். குழந்தை இல்லை, டாக்டரைப் பார் என்று மாதம் தவறாமல் என்னை நச்சரிப்பவர்.

"ஆணே இல்லாம முட்டைய குத்தம் சொல்லி என்ன மக்ளே?" என்று சிரித்தார்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

ராத்திரி சோறு போடும்போது தன் மகனைப் பற்றிக் கேட்டார். "துபாய்ல அவனுக்கு லீவு எப்பம் கிடைக்கும்?"

டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை.