அடுத்த அறையில் பாடியவன்

மார்ச் 3

மௌனசாமியை அடுத்த அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார் இயக்குநர். "ரெண்டு ரூம்லயும் ஜோடி சேரல. ஆண்களை மாத்திப் போட்டுப் பாப்போமே" என்றார். நியாயமான யோசனைதான். ஆனாலும் ஈரப்பாசி போட்ட டப்பாவில் அவனை வைத்து மூடும்போது மனசு வரவில்லை.

இந்தத் தவளை இனத்தில் எங்களுக்குத் தெரிந்து மிச்சமிருப்பவை இந்த ஆய்வகத்தின் இரண்டு அறைகளில் இருப்பவை மட்டுமே. ஓடையில் தோல் பூஞ்சை பரவி ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தபோது, உயிரோடு இருந்தவற்றை முழங்கால் தண்ணீரில் நின்று தேடிப் பொறுக்கியவள் நான். கடைசியாகக் கிடைத்தவன் மௌனசாமி. வந்த நாளிலிருந்து ஒரு சத்தம் போட்டதில்லை, அதனால் அந்தப் பெயர். ஆண் கத்தாவிட்டால் பெண் கிட்டே வராது. முட்டையும் கிடையாது.

அடுத்த அறை, போன வருஷம் சேர்ந்தவளுடையது. குழாயில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு அறைக்குள் மழை பெய்ய வைக்கிறாள். மனதுக்குள் அவளுக்கு மழைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மார்ச் 7

கத்திவிட்டான்.

அங்கே.

மார்ச் 8

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பலகையில் விரலால் தட்டுவது மாதிரி டொக் டொக்கென்று கேட்டது. குளிரூட்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று எழுந்து போனேன். மழைக்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "அக்கா, கேட்டீங்களா? உங்க ஆளு பாடுறான்!"

உங்க ஆளு! சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்கிட்ட இத்தனை வருஷம் வாயே திறக்காதவன், அவகிட்ட போனதும் பாட்டா? உனக்குச் சக்களத்தி வந்துட்டா, போ!"

பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 19

முட்டை. இலைக்கு அடியில், கண்ணாடி மணிகளைக் கொட்டி வைத்தது போல. எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. யாராவது கவனித்திருப்பார்களோ?

இந்த இனம் பிழைக்கவேண்டும் என்றுதானே இவ்வளவு காலம் கிடந்து தவித்தாய்? வழி பிறந்துவிட்டது. அப்புறம் ஏன்டி உனக்கு வயிறு எரியுது?

மார்ச் 30

தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படமெடுத்துப் போனார்கள். அவள் மழையைத் திறந்துவிட்டு நடுவில் நின்று பேசினாள். நன்றாகப் பேசுகிறாள், அதுதான் கொடுமை. என்னை 'சீனியர் ஒருத்தங்க' என்று போகிற போக்கில் சொன்னாள்.

ஓடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே இன்னும் பூஞ்சை இருக்கிறது. மேலே கட்டியிருக்கும் விடுதிகள் தண்ணீரை உறிஞ்சி எடுக்கின்றன. இந்தக் குஞ்சுகளை நாளைக்கு எங்கே கொண்டுபோய் விடுவது? நான் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

ஏப்ரல் 11

தலைப்பிரட்டைகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. எனக்கு எப்படித் தெரியும்? அவள் அறைக் கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. கழிப்பறைக்குப் போகும்போது பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். இன்று போகத் தேவையே இல்லாமல் போனேன்.

ஏப்ரல் 24

மழைக்காரி மாநாட்டில் பேச வெளியூர் போயிருக்கிறாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மௌனசாமி பட்டப்பகலில் வெட்டவெளியில் கல்மேல் உட்கார்ந்திருக்கிறான். பகலில் அவன் இலைக்கு அடியை விட்டு வரமாட்டான். பின்னங்கால்களை மடக்காமல் பரப்பி வைத்திருந்தான். ஓடையில் சாகக் கிடந்தவை இப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

ஒரு கணம், ஒரே கணம், எனக்குள் ஜில்லென்று இருந்தது. அவள் அறையில்தானே, என் அறையில் இல்லையே என்று.

சீ.

போன் போட்டேன்.

"அக்கா, நான் இப்போ மேடை ஏறணும். அவன் தோல் உரிக்கிற நேரமா இருக்கும்."

"தோல் உரிக்கிறவன் காலை இப்படி வைக்கமாட்டான்மா. பூஞ்சையோன்னு பயமா இருக்கு. உள்ள போய்ச் சோதனைக்கு எடுக்கட்டுமா?"

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க தினமும் என் கதவுகிட்ட நின்னு பாக்குறது எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

தெரியுமாம்! தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை நாளா அக்கா, அக்கான்னு... எனக்கு எங்கே போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியல.

அதே முகத்தோடு இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார். உடுப்பு மாற்றி, கையுறை போட்டு உள்ளே போனேன். பஞ்சுக் குச்சியால் அவன் வயிற்றிலும் தொடையிலும் தடவி எடுத்தேன். மல்லாக்கப் போட்டால் துள்ளிப் புரளுகிறவன் அப்படியே கிடந்தான்.

ஏப்ரல் 26

பூஞ்சைதான்.

ஏப்ரல் 27

முதல் வண்டியைப் பிடித்து வந்துவிட்டாள். பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. "நான் உங்களை நம்பியிருக்கணும்கா" என்று ஆரம்பித்தாள். "அதெல்லாம் அப்புறம். கையுறையப் போடு" என்றேன்.

மருந்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினோம். தலைப்பிரட்டைக்குப் பூஞ்சை வாயில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். தவளையாக மாறும் சமயத்தில்தான் கொல்லும். அதற்குள் போக்கியாக வேண்டும். எப்படி உள்ளே வந்தது? படம் எடுக்க வந்தவர்களின் செருப்பிலா, வெளியிலிருந்து வாங்கிய பாசியிலா? தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

"எப்படிக்கா பாத்த உடனே கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"வயித்தெரிச்சலோட பாத்தா எல்லாம் கண்ணுல படும்." யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ இதையும் அப்படியே பாருங்க" என்று அடுத்த டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

மே 20

குஞ்சுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. வால் சுருங்கி, கரையேறிய மறுநாளே ஒவ்வொன்றாக. யாரையும் தொட விடாமல் அவளே எடுத்து அப்புறப்படுத்தினாள். கைப்பிடி அளவுதான் மிச்சம்.

மௌனசாமி இன்று ஒரு பூச்சி தின்றான்.

ஜூன் 14

திரும்பத் திரும்பச் சோதித்தாகிவிட்டது. இருப்பவற்றில் நோய் இல்லை. அவள் அறையைக் காலி செய்து, மருந்தடித்து, பூட்டிவிட்டார்கள். எல்லாம் என் அறைக்கு வந்துவிட்டன. மௌனசாமியும். அவளும்தான். என் மேசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி.

மழைக் குழாயை இங்கே கட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைக்கிறேன், வாய் வரவில்லை. இன்று அவளாகவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 9

காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். முட்டை. என் அறையில், நான் ஓடையிலிருந்து கொண்டுவந்த பெண் இட்டது.

இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எத்தனை வருஷத்து உழைப்பு!" என்று ஆய்வகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். இதற்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்!

மழைக்காரி கடைசியாக வந்தாள். குனிந்து பார்த்தாள். "சூப்பர்க்கா. ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்றாள். பெரிய சிரிப்பு. கண் மட்டும் முட்டையில் நிற்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பைச் சுமப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் எரியும்.

எல்லோரும் போனபிறகு, முட்டைகளைப் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் வைக்க வேண்டியிருந்தது. கரண்டியை அவளிடம் நீட்டினேன்.

"இது உங்களோடதுக்கா."

"எனக்குக் கை நடுங்குது. நீ எடுத்து வை."

கை நடுங்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிக்கொண்டாள்.